ஒன்றாம் காலும் ஆறாம் காலும்

இஎஃப் 86 என்ற வால்வு கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிக் குழல். அடியில் ஒன்பது கால்கள். ஒன்றாம் கால் உள்ளே இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகிறது. ஆறாம் கால் பிளேட்டுக்கு. இந்த இரண்டு கால்களுக்கும் நடுவே வெளியில் ஒரு துண்டுக் கம்பியோ, பலரும் செய்வதுபோல ஒரு 100 ஓம் ரெசிஸ்டரோ வைத்து ஈயம் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. குழலை யாரும் உடைக்கவில்லை. உள்ளே ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. ஆனாலும் ஐந்து முனையுள்ள பென்டோடு அந்த நொடியில் மூன்று முனையுள்ள ட்ரையோடு ஆகிவிட்டதாக ஆடியோ உலகம் சொல்கிறது.

ஆகிவிட்டதா, ஆனதுபோல் இருக்கிறதா? தகராறு அங்கேதான்.

வால்வு ப்ரீஆம்ப் செய்பவர்களிடம் இந்தத் தகராறு ஓய்ந்த பாடில்லை. ஒரு சாராருக்கு, ட்ரையோடாகவே பிறந்த வால்வுதான் ட்ரையோடு, மற்றது வேஷம். இன்னொரு சாரார் அளவுக் கருவியின் திரையைக் காட்டி, இரண்டின் வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிறப்பைப் பார்ப்பதா நடத்தையைப் பார்ப்பதா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு வேறு இடங்களிலும் நன்றாகவே பழகியது. கண்ணாடிக் குழலைப் பற்றிக் கேட்கும்போது யார் மனமும் புண்படாது என்பதால், அதை இங்கே கொஞ்சம் நிதானமாக ஆராய வசதி உண்டு.

பெயரிலேயே பிறப்பு எழுதியிருக்கிறது. ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதல் எழுத்து சூடேற்றும் இழையின் வகையைச் சொல்லும், அடுத்தது குலத்தை. ‘சி’ என்றால் ட்ரையோடு, ‘எஃப்’ என்றால் சிறு பென்டோடு. ஈசிசி 83 என்றால் 6.3 வோல்ட் இழையும், ஒரே குழலுக்குள் இரண்டு ட்ரையோடும். இஎஃப் 86 எத்தனை ஆண்டு ட்ரையோடாகவே காலம் தள்ளினாலும் அதன் பெயரிலுள்ள ‘எஃப்’ அழிவதில்லை. இலங்கைப் பாடநூல்களில் டையோடுக்கு ‘இருவாயி’ என்று ஓர் அழகான சொல் உண்டு. மின்வாய்களை எண்ணிப் பிறந்த பெயர். அந்தக் கணக்கில் ட்ரையோடு மூன்று வாய், பென்டோடு ஐந்து வாய். இரண்டு வாயைச் சேர்த்துக் கட்டினால் வாய் குறையுமா என்பதுதான் நம் கேள்வி.

வால்வின் உள்கதை எளிது. நடுவில் கேத்தோடு, அதைச் சூடேற்றினால் எலக்ட்ரான்கள் ஆவிபோலக் கிளம்பி, மேகமாகச் சுற்றி நிற்கும். வெளியே பிளேட், அதற்கு 200, 250 வோல்ட் நேர்மின்னழுத்தம். இடையில் கிரிட் என்னும் மெல்லிய கம்பிச் சுருள், மதகுபோல. இசையிலிருந்து வரும் சின்ன மின்னசைவு மதகை ஆட்ட, பெரிய ஓட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். ட்ரையோடு என்றால் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பிளேட்டின் மின்னழுத்தமும் கிரிட்டின் இடைவெளிகள் வழியாகக் கேத்தோடு வரை எட்டுகிறது. ஓட்டம் கூடினால் பிளேட்டின் வோல்ட் இறங்கும்; இறங்கிய பிளேட் எலக்ட்ரான்களைக் குறைவாக இழுக்கும்; ஓட்டம் தானாகவே சற்று அடங்கும். தன் செயலின் பலனைத் தானே அனுபவித்து, அதனால் அடங்கும் கருவி இது. கர்மக் கொள்கையை விளக்க இதைவிடக் கச்சிதமான மின்சுற்று கிடைப்பது கடினம்.

பென்டோடில் அந்தக் கணக்கு அறுபடுகிறது. கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஸ்கிரீன் என்ற இன்னொரு கம்பிச் சுருளை வைத்து, அதை அசையாத ஒரு வோல்ட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பெயருக்கேற்ற திரைதான். திரைக்கு அப்பால் பிளேட் படும் பாடு கேத்தோடுக்குத் தெரியாது. பிளேட் எவ்வளவு இறங்கினாலும் திரை ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும், ஓட்டம் அடங்காது, பெருக்கம் பல மடங்காகும். இந்தத் திரையால் ஒரு தொல்லையும் வந்தது. வேகமாக வந்து பிளேட்டில் மோதும் எலக்ட்ரான்கள் அங்கிருந்து வேறு எலக்ட்ரான்களைத் தெறிக்கவிட, அவை திரைக்கு ஓடின. வளைகோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் டெல்லெகன் 1926-இல் மூன்றாவதாக ஒரு கிரிட்டைச் சேர்த்து, தெறித்தவற்றைத் திருப்பி அனுப்பினார். அப்படித்தான் ஐந்து முனை வந்தது.

‘இது எது?’ என்ற கேள்வி தத்துவ அறைக்கு வருமுன்பே நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 1904-இல் லண்டனில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906, 1907 வாக்கில் நடுவே ஒரு கிரிட்டை வைத்தார். குழலுக்குள் கொஞ்சம் வாயு மிச்சமிருந்தால்தான் அது வேலை செய்யும் என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். நல்ல வெற்றிடம்தான் வேண்டும் என்பதைப் பிறகு வேறு ஆட்கள் கண்டுபிடித்தார்கள். பெற்றவருக்கே பிள்ளை யாரென்று சரியாகத் தெரியவில்லை. 1916-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தது. டி ஃபாரஸ்டின் ட்ரையோடு ஃபிளெமிங்கின் காப்புரிமையை மீறுகிறது. ஏனென்றால் அது கிரிட் சேர்த்த இருமுனை வால்வுதான். அதே சமயம் அந்தக் கிரிட்டோ டி ஃபாரஸ்டுக்கே உரியது. ஆக, ட்ரையோடு என்ற பொருளைச் செய்ய ஒருவருக்கும் தனியுரிமை இல்லாமல் போனது. ஒன்றைச் சேர்த்தால் பழைய பொருள் அழிந்து புதியது பிறக்கிறதா, பழையதே ஒரு நகையை அணிந்துகொள்கிறதா? நீதிபதி நகை என்றார்.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. பென்டோடின் காப்புரிமை பிலிப்ஸ் கையில் இருந்தது. இஎம்ஐ நிறுவனத்தின் கேபட் புல், சிட்னி ராடா என்ற பொறியாளர்கள் மூன்றாவது கிரிட்டே இல்லாமல், கம்பிகளை நேர்கோட்டில் வரிசைப்படுத்தி, பக்கவாட்டில் இரண்டு தகடுகளை வைத்து, எலக்ட்ரான்களைக் கற்றையாகச் செலுத்தி அதே வேலையை வாங்கினார்கள். பள்ளம் மறைந்தது. நடத்தை பென்டோடுடையது, அமைப்பு அப்படியில்லை, ஆகவே மீறலும் இல்லை. 1937-இல் வந்த கேடி 66 என்ற புகழ்பெற்ற வால்வின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளுக்கு ‘பள்ளமில்லாத டெட்ரோடு’ என்று பொருள். நான்கு முனை என்று பெயரிலேயே சத்தியம் செய்கிறது. பத்து ஆண்டு கழித்து, 1947-இல், டி.டி.என். வில்லியம்சன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஓர் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். 15 வாட்டில் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத சுத்தம். அதில் அவர் கேடி 66-ஐ ட்ரையோடாகக் கட்டியிருந்தார். பெயரில் நான்கு, நடத்தையில் ஐந்து, வேலையில் மூன்று. ஒரே குழல்தான். இதைக் கேட்டால் எந்தத் தருக்க நூலாசிரியரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பத்தாம் நூற்றாண்டு நியாய அறிஞர் உதயணர் நிச்சயம் உட்கார்ந்திருப்பார். எதை உண்மையான ‘சாதி’ என்று, அதாவது பொருள்களுக்கு இயல்பாக உள்ள வகை என்று ஏற்பது, எதை வெளியிலிருந்து ஒட்டிய ‘உபாதி’ என்று தள்ளுவது என்பதற்கு அவர் ஆறு தடைகளை வகுத்தார். அவற்றில் ஒன்று சங்கரம், அதாவது குறுக்குக் கலப்பு. இரண்டு வகைகள் ஓரிடத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, மற்ற இடங்களில் தனித்தனியே நின்றால், இரண்டும் ஒருசேரச் சாதியாக இருக்க முடியாது. இதை வால்வுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘ட்ரையோடு நடத்தை’ ஒரு வகை. ‘ஐந்து முனை அமைப்பு’ இன்னொரு வகை. ஈசிசி 83-இல் முதலாவது மட்டும் உண்டு. வழக்கமாகக் கட்டிய இஎஃப் 86-இல் இரண்டாவது மட்டும் உண்டு. ஒன்றாம் காலையும் ஆறாம் காலையும் கட்டிய இஎஃப் 86-இல் இரண்டும் கூடுகின்றன. உதயணரின் விதிப்படி ஏதோ ஒன்று உபாதி. எது? உடன்பிறந்தது அமைப்புதானே, நடத்தை ஒரு துண்டுக் கம்பி கொடுத்தது. ஆகவே அது ஒட்டவைத்த ட்ரையோடு என்று நியாயக்காரர் முடிப்பார் என்று தோன்றுகிறது. பிறப்பு வாதிகளுக்கு வெற்றி.

உதயணர் காலமெல்லாம் சண்டையிட்ட பௌத்தர்கள் விடமாட்டார்கள். ஏழாம் நூற்றாண்டின் தர்மகீர்த்திக்கு, காரியம் செய்யும் திறனே உண்மைப் பொருளின் அடையாளம். வகை என்பது நாம் வசதிக்காக ஒட்டும் பெயர்ச்சீட்டு. ட்ரையோடின் காரியத்தைச் செய்கிறதா? செய்கிறது. அப்புறம் என்ன?

இந்தக் கட்சிக்குச் சாதகமாக வரலாற்றில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரின் ஒலியையும் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இரண்டே நாளில் கொண்டுவர முடியும் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையிடம் சவால் விட்டார். பத்திரிகை ஒரு பெரிய வால்வு ஆம்ப்ளிஃபையரை முன்னால் வைத்தது. அவர் கையாண்ட முறை கழித்தல் கணக்கு. இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, இரண்டின் வெளியீட்டையும் எதிரெதிராக வைத்தால், வேறுபாடு மட்டும் மிஞ்சும். இரண்டும் ஒன்றேயானால் மௌனம். கார்வர் தன் கருவியைத் திருத்தித் திருத்தி அந்த மிச்சத்தை 70 டெசிபெல் கீழே இறக்கினார். ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. பத்திரிகையின் ஆசிரியர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை, ஒப்புக்கொண்டார்கள். பின்னால் தொழிற்சாலையிலிருந்து வந்த பிரதிகளைப் பற்றி இருதரப்புக்கும் பெரிய சண்டை மூண்டது வேறு கதை. இரண்டு பொருள்களிடையே எந்த வேறுபாடும் காண முடியாவிட்டால் அவை இரண்டல்ல என்ற லைப்னிட்ஸின் கொள்கையை ஒரு ஹோட்டல் அறையில் ஈயப்பற்றோடு சோதித்துப் பார்த்தார் ஒருவர் என்று இதைச் சொல்லலாம். டிரான்சிஸ்டரே வால்வாக நடிக்க முடியுமென்றால், வால்வு இன்னொரு வால்வாக இருப்பதில் என்ன தடை?

ஆனால் ‘நடிப்பு’ என்ற சொல் இங்கே பொருந்துமா? ட்ரையோடாகக் கட்டிய பென்டோடு எதையும் பாவனை செய்வதில்லை. இஎஃப் 86-இன் விவரத்தாளில் ஓர் எண் இருக்கிறது: 38. முதல் கிரிட்டோடு ஒப்பிட, ஸ்கிரீனுக்குக் கேத்தோடின் மீது எவ்வளவு பிடி இருக்கிறது என்பதன் கணக்கு அது. பென்டோடாக வேலை செய்யும்போது அந்த எண் சும்மா கிடக்கிறது, ஸ்கிரீன்தான் அசைவதில்லையே. ஸ்கிரீனைப் பிளேட்டோடு கட்டியதும் அந்த 38 விழித்துக்கொண்டு, புதிய ட்ரையோடின் பெருக்க எண்ணாகிவிடுகிறது. பென்டோடாக 25 லட்சம் ஓம் இருந்த உள்தடை சுமார் 16,000 ஓமுக்கு இறங்குகிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சொல்லும் சற்காரியவாதம் இதுதான்: காரியம் காரணத்துக்குள் முன்பே இருந்தது. இன்னொன்றும் உண்டு. கட்டியபின் கேத்தோடின் கண்ணுக்குத் தெரியும் ‘பிளேட்’ உண்மையில் ஸ்கிரீன்தான். உண்மையான பிளேட், திரையைத் தாண்டி வருவதை வாங்கிக்கொள்ளும் உண்டியல். அதாவது இந்த ட்ரையோடின் பிளேட் பிளேட் அல்ல. அசல் ட்ரையோடு ரசிகர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கலாம், இயற்பியல் சுளிப்பதில்லை.

இதில் மிக நேர்த்தியான இடம் இரைச்சல். பென்டோடில் கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களில் பெரும்பங்கு பிளேட்டுக்குப் போகிறது, சிறுபங்கு வழியில் ஸ்கிரீனில் சிக்குகிறது. இஎஃப் 86-இல் பிளேட்டுக்கு 3 மில்லிஆம்பியர் என்றால் ஸ்கிரீனுக்கு 0.6. எந்த எலக்ட்ரான் எங்கே போகும் என்பது அந்தந்தக் கணத்தின் தற்செயல். ஆறில் ஐந்து இங்கே, ஒன்று அங்கே என்பது சராசரி மட்டுமே. கணத்துக்குக் கணம் அது தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பிளேட்டின் ஓட்டத்தில் இரைச்சலாகக் கேட்கும். பொறியாளர்கள் இதைப் பங்கீட்டு இரைச்சல் என்பார்கள். ஒலிவாங்கியிலிருந்தோ இசைத்தட்டு ஊசியிலிருந்தோ வரும் மிகச் சிறிய சமிக்ஞையை முதலில் தொடுவது ப்ரீஆம்ப் என்பதால் அங்கே இது பெரிய விஷயம். ஒன்றாம் காலையும் ஆறாம் காலையும் கட்டியதும் என்ன ஆகிறது? எலக்ட்ரான்கள் முன்போலவே தற்செயலாகப் பிரிகின்றன. பிரிவு நிற்கவில்லை. ஆனால் இரண்டு வழியும் ஒரே வீட்டுக்குப் போவதால் பிரிவுக்கு இனி விளைவு இல்லை. பங்கீட்டு இரைச்சல் மறைந்துவிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் ‘அத்வைதம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கம் இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. அத்வைதம் என்றால் ஒன்று என்று பொருளல்ல, இரண்டின்மை என்றுதான் பொருள் என்பது சிவஞானபோதத்தின் நிலை. பொருளால் இரண்டு, கலப்பால் பிரிக்க முடியாதது. ஸ்கிரீனும் பிளேட்டும் கட்டியபின் ஒரே பொருளாகிவிடவில்லை. குழலுக்குள் ஒன்று கம்பி, இன்னொன்று தகடு, நடுவே இடைவெளி. ஆனால் மின்னழுத்தத்தில் இரண்டின்மை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தத்தின் அடிப்படைக் கருத்து. பளிங்கு பக்கத்துப் பூவின் நிறத்தை ஏற்பது அதற்குச் சொல்லப்படும் உவமை. நிலையான வோல்ட்டைச் சார்ந்தால் ஸ்கிரீன் திரை. பிளேட்டைச் சார்ந்தால் அதுவே பிளேட். உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். ஸ்கிரீனுக்கு வீடுபேறு தேவையில்லை.

இருந்தாலும் சித்தாந்தம் ஒன்றில் கறாராக இருக்கிறது: சார்ந்ததன் வண்ணமானாலும் உயிர் உயிரே, பதியாகிவிடுவதில்லை. அதேபோல் கட்டிய பென்டோடு தன் பிறப்பை எங்கே காட்டும்? நன்றாக வேலை செய்யும்போது காட்டாது. ஒரு மில்லிவோல்ட் சமிக்ஞையோடு, பாதி வலிமையில் ஓடும் ப்ரீஆம்பில் அது எல்லா வகையிலும் ட்ரையோடுதான். வளைகோட்டிலும் இரைச்சலிலும் சிதைவிலும். எல்லைக்குத் தள்ளினால்தான் குட்டு வெளிப்படும். இஎஃப் 86-இன் பிளேட் 300 வோல்ட், 1 வாட் தாங்கும். ஸ்கிரீனின் எல்லை 200 வோல்ட், 0.2 வாட். மெல்லிய கம்பிதானே. ட்ரையோடாகக் கட்டும்போது இருவரும் ஒரே வோல்ட்டில் நிற்பதால், தாங்கும் அளவை நலிந்தவரே தீர்மானிக்கிறார். தகட்டை நம்பி வோல்ட்டை ஏற்றினால் முதலில் சிவந்து எரிவது கம்பி. அசல் ட்ரையோடில் அப்படிச் சிவக்க ஒரு கம்பி கிடையாது. மூன்றாவது கிரிட்டை எங்கே கட்டுவது என்ற கேள்வியும் அசல் ட்ரையோடு செய்பவருக்கு எழாது. பென்டோடைக் கட்டுபவர் கேத்தோடா பிளேட்டா என்று முடிவுசெய்தே ஆக வேண்டும். மேசையைத் தட்டினால் ஒலிபெருக்கியில் ‘டங்’ என்று கேட்கும் குறையும் உள்ளிருக்கும் கம்பிகளின் உறுதியைப் பொறுத்தது. அங்கே எத்தனை கம்பி என்பது ஒளிவதில்லை. ஓடும்போது மூன்று, தாங்காதபோது ஐந்து. உதயணரும் தர்மகீர்த்தியும் ஒரே குழலின் வேறு வேறு நேரங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்றுதான் படுகிறது.

பிறப்புக் கட்சியைச் சங்கடப்படுத்தும் இன்னொரு விஷயம் 1951-இல் வந்தது. டேவிட் ஹாஃப்ளர், ஹெர்பர்ட் கெரோஸ் என்ற இரு அமெரிக்கர்கள், பவர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் இடையிலேயே ஒரு கிளை எடுத்து ஸ்கிரீனுக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் 1937-லேயே காப்புரிமை எடுத்துவைத்த யோசனை அது. இவர்கள் அதற்கு ‘அல்ட்ரா லீனியர்’ என்று கவர்ச்சியான பெயர் சூட்டினார்கள். கிளை 0 சதவீதத்தில் இருந்தால் பென்டோடு. 100 சதவீதத்தில் இருந்தால் ட்ரையோடு. பல வால்வுகளுக்கு 43 சதவீதச் சுற்றில் வைத்தால் சிதைவு மிகவும் குறைகிறது. 43 சதவீத ட்ரையோடு என்றால் என்ன? 44-இல் என்ன? குவியலிலிருந்து நெல்மணிகளை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த மணியில் குவியல் குவியலல்லாமல் போகிறது என்ற பழைய கிரேக்கப் புதிர், இங்கே டிரான்ஸ்ஃபார்மர் கம்பிச் சுற்றாக வந்து நிற்கிறது. புதிருக்கு விடை கிடைக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் மட்டும் நன்றாக ஒலித்தது.

ஏன் வேலைமெனக்கெட்டு ஒரு பென்டோடை வாங்கி ட்ரையோடாக்க வேண்டும், ட்ரையோடையே வாங்கிவிட்டால் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை தத்துவத்தில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறது. நல்ல வளர்ப்பு பென்டோடுக்கே கிடைத்தது. இஎஃப் 86-ஐ பிலிப்ஸும் மல்லார்டும் குறைந்த இரைச்சலுக்கென்றே செய்தார்கள்: முறுக்கிய இழை, உள்ளேயே உலோக மறைப்பு, இறுகப் பிடித்த கம்பிகள். ஜெர்மன் தொலைபேசிக் கம்பித்தடத்துக்காக சீமென்ஸ் செய்த டி3ஏ என்ற பென்டோடு பத்தாயிரம் மணி நேர ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டது. தொலைபேசித் தடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்ததும் அவை கிடங்கில் அநாதையாயின. இன்று இசைத்தட்டு ப்ரீஆம்ப் கட்டுபவர்கள் அவற்றைத் தேடி வாங்கி ட்ரையோடாகக் கட்டுகிறார்கள். பெருக்க எண் 80-ஐ ஒட்டி வருகிறது. எத்தனையோ பேரின் டிரங்க் கால்களைச் சுமக்கப் பிறந்த வால்வு, ஓர் அறையில் ஒருவர் கேட்கும் வயலினைச் சுமக்கிறது.

இந்தக் கதையின் ஆகப் பெரிய வேடிக்கை மைக்கில் இருக்கிறது. 1949-இல் ஜெர்மனியின் நொய்மன் நிறுவனம் யு 47 என்ற மைக்கை வெளியிட்டது. கேப்பிட்டல் ஸ்டூடியோவில் ஃபிராங்க் சினாட்ரா அதன் முன்னால்தான் பாடினார். அபே ரோடில் பீட்டில்ஸின் குரல்களும் அதன் வழியே போயின. ‘வால்வின் வெம்மை’ என்று இன்றும் சிலாகிக்கப்படும் ஒலிக்கு அந்த மைக் ஓர் இலக்கணம்போல. ஒலியைப் பிடிக்கும் கேப்சூலை அடுத்து உள்ளே இருந்த சின்ன ப்ரீஆம்பில் ஒரே ஒரு வால்வு: டெலிஃபங்கன் செய்த விஎஃப் 14, எஃகு உறையோடு. பெயரில் ‘எஃப்’, பென்டோடு. அதை ட்ரையோடாகக் கட்டியிருந்தார்கள். 55 வோல்ட்டுக்கென்று செய்த இழையை 36 வோல்ட்டுக்கு அருகில் வைத்து ஓட்டினார்கள். இரைச்சல் குறைந்தவற்றைத் தனியே பொறுக்கி ‘எம்’ என்ற முத்திரை குத்தினார்கள். 1960-இல் வந்த அடுத்த மைக்கான யு 67-இலும் இருந்தது இஎஃப் 86. அதுவும் ட்ரையோடாகக் கட்டியதே. பென்டோடில் கட்டிய ட்ரையோடு போலி என்று இசைத்தட்டைப் போட்டுக் காட்டி வாதிடுபவர், அந்தத் தட்டிலுள்ள பாட்டே எதன் வழியாக வந்தது என்று மைக்கைத் திறந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை.

விஎஃப் 14-இன் உற்பத்தி 1950களின் பிற்பகுதியில் நின்றுபோனது. மைக்குகள் அநாதையாகாமல் இருக்க, நொய்மன் ஒரு மாற்றுப் பொட்டலம் தந்தது. அதில் இருந்தது நுவிஸ்டர் 13சிடபிள்யூ4 என்ற விரல்நுனி அளவு உலோக வால்வு. அது ட்ரையோடாகவே பிறந்தது. ஒட்டு இல்லை, கட்டு இல்லை, மூன்றே முனை. யு 47 வைத்திருப்பவர்கள் பலர் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இது பழைய ஒலி இல்லை என்று சொல்லி, ‘எம்’ முத்திரையிட்ட எஃகு வால்வைத் தேடிக் கிளம்பினார்கள். இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.